கோடையில் பேஸ்மென்ட்டில் அடிக்கும் மக்கல் வாடை: ஈரம் எங்கிருந்து வருகிறது, எப்படிப் போக்குவது

குளிர் நாடுகளில் வீட்டுக்கு அடியில், நிலத்துக்குள் இருக்கும் அறைதான் பேஸ்மென்ட். குளிர்காலம் முழுக்கச் சும்மா கிடந்த அது, வெயில் ஏறத் தொடங்கியதும் மக்கல் வாடை அடிக்க ஆரம்பிக்கும். படி இறங்கும்போதே மூக்கில் ஏறும். தரை நசநசவென்று இருக்கும், அட்டைப் பெட்டிகள் தொட்டால் துவளும், மடித்து வைத்த துணியெல்லாம் ஒரு பழைய வாடை வீசும். மேல்மாடியில் ஒரு குறையும் இருக்காது. கீழே மட்டும் ஏன் இப்படி?

"காற்றோட்டம் இல்லை, அதனால்தான் வாடை" என்று நினைத்து ஜன்னலைத் திறந்து விடுவதுதான் வழக்கம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குளிர்ந்த மண்ணுக்குள் புதைந்திருக்கும் ஓர் அறைக்குக் கோடைக்காலத்தில் ஈரத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதே பெரும்பாலும் அந்தத் திறந்த ஜன்னல்தான். இது எப்படி என்று புரிந்துவிட்டால், எந்த வேலையை முதலில் செய்வது, எதற்குப் பணம் செலவழிக்கத் தேவையில்லை என்பது தானாகவே தெளிவாகிவிடும். அதனால் கொஞ்சம் பொறுமையாக அதிலிருந்தே தொடங்குவோம்.

காற்றில் இருக்கும் தண்ணீர்

காற்றில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத நீராவி கலந்திருக்கிறது. சூடான காற்றில் நிறைய நீராவி இருக்க முடியும், குளிர்ந்த காற்றில் குறைவாகத்தான் இருக்க முடியும். ஒரு கன மீட்டர் காற்றில் 28 டிகிரி செல்சியஸில் அதிகபட்சம் 27 கிராம் நீராவி இருக்கலாம். அதே காற்று 18 டிகிரிக்குக் குளிர்ந்தால் 15 கிராமுக்குச் சற்று மேல்தான் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம் சொச்சம்தான்.

வானிலை அறிக்கையில் "ஈரப்பதம் 60 சதவீதம்" என்று சொல்கிறார்களே, அது காற்றில் எத்தனை கிராம் தண்ணீர் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய அளவில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. இதற்கு ஒப்பு ஈரப்பதம் என்று பெயர். காற்றின் வெப்பநிலை மாறினால், ஒரு சொட்டுத் தண்ணீர் கூடாமல் குறையாமல் இருந்தாலும் இந்தச் சதவீதம் மாறிவிடும்.

இப்போது ஒரு கோடை மதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே 28 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம். நமக்கு அது சாதாரணமான, நல்ல நாள். அந்தக் காற்றின் ஒரு கன மீட்டரில் சுமார் 16 கிராம் நீராவி இருக்கிறது. ஜன்னல் வழியாக அது பேஸ்மென்ட்டுக்குள் இறங்கி 18 டிகிரிக்குக் குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியில் காற்று தாங்குவதே 15 கிராம் சொச்சம்தான். மிச்சம் எங்கே போகும்? சுவரிலும் தரையிலும் குளிர்ந்த குழாயிலும் தண்ணீராகப் படியும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதும் இதேதான். டம்ளர் ஒழுகுகிறது என்று யாரும் நினைப்பதில்லை. பேஸ்மென்ட் சுவர் வியர்த்தால் மட்டும் சுவர் ஒழுகுகிறது என்று நினைத்துவிடுகிறோம்.

அந்த மதியக் காற்று 19 அல்லது 20 டிகிரிக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பைத் தொட்டாலும் தண்ணீர் படியும். இப்படி நீர் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்கிறோம். வானிலைச் செயலிகள் பலவற்றில் பனிநிலையும் கொடுக்கப்பட்டிருக்கும். பேஸ்மென்ட் உள்ளவர்கள் ஈரப்பதச் சதவீதத்தைவிட இந்த எண்ணைப் பார்க்கப் பழகுவது நல்லது.

அளவு எவ்வளவு என்றும் பார்த்துவிடலாம். 50 சதுர மீட்டர் பரப்பும் 2.4 மீட்டர் உயரமும் கொண்ட பேஸ்மென்ட்டில் 120 கன மீட்டர் காற்று இருக்கும். உள்ளே 18 டிகிரியில் 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்தீர்கள் என்றால் கன மீட்டருக்கு 8 கிராமுக்கும் குறைவான நீராவிதான் இருக்கும். ஜன்னலைத் திறந்து அந்தக் காற்று ஒரே ஒருமுறை முழுக்க வெளிக்காற்றாக மாறினாலே ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே வந்துவிடுகிறது. நாள் முழுக்கத் திறந்திருந்தால் காற்று பல முறை மாறும்.

மண் ஏன் குளிர்ந்தே இருக்கிறது? நிலத்துக்குள் சில மீட்டர் ஆழம் போனால் வெப்பநிலை ஆண்டு முழுக்கப் பெரிதாக மாறுவதில்லை. அந்த இடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். வெளியே அடிக்கும் வெயில் கீழே இறங்கிச் சேர மாதக்கணக்கில் ஆகும். அதனால் கோடையின் முதல் பாதியில்தான் நிலைமை மோசமாக இருக்கும். வெளிக்காற்று சூடாகி ஈரம் ஏறியிருக்கும், சுவரோ குளிர்காலத்துக் குளிர்ச்சியை இன்னும் விட்டிருக்காது. சுவரின் அடிப்பகுதி, மூலைகள், தரை ஆகிய இடங்களில் பூசணம் முதலில் தலைகாட்டுவதும் இதனால்தான். அங்கேதான் குளிர்ச்சி அதிகம், காற்று நடமாட்டமும் குறைவு.

வாடை எதிலிருந்து வருகிறது

தண்ணீருக்கு வாடை கிடையாது. ஈரத்தில் வளரும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் வெளியிடும் ஆவியாகும் வேதிப்பொருள்கள்தான் அந்த மக்கல் வாடை. காளான் வாடை போன்ற ஒன்று, 1-ஆக்டென்-3-ஆல் என்ற பொருளால் வருகிறது. பூஞ்சைகள் பல இதை வெளியிடுகின்றன. மண் வாடை போல இருப்பது ஜியோஸ்மின். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை பாக்டீரியாக்கள் அதைத் தயாரிக்கின்றன. மழை பெய்ததும் மண்ணிலிருந்து எழும் வாசனையிலும் இதற்குப் பங்குண்டு. ஜியோஸ்மினை மனித மூக்கு லட்சம் கோடியில் சில பங்கு இருந்தாலே கண்டுபிடித்துவிடும். அதனால் கண்ணுக்கு எந்தப் பூசணமும் தெரியாத நிலையிலேயே வாடை வருவது இயல்பு. அலமாரிக்குப் பின்னால், கம்பளத்துக்கு அடியில், ஜிப்சம் பலகையின் உட்பக்கக் காகிதத்தில் எங்கோ வளர்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பூஞ்சை வித்துகள் இல்லாத வீடே இல்லை. காற்றில் எப்போதும் மிதக்கின்றன, அவற்றை ஒழிக்கவும் முடியாது. காகிதம், மரம், தோல், பசை, தூசி என்று அவற்றுக்கு உணவும் எல்லா வீட்டிலும் இருக்கிறது. நம் கையில் இருப்பது தண்ணீர் ஒன்றுதான். ஒரு பரப்பை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் நாள்கணக்கில் 80 சதவீதத்தை ஒட்டியே இருந்தால் பூஞ்சை வளரத் தொடங்கும். சில வகைகளுக்கு அதைவிடக் குறைவே போதும்.

பரப்பை ஒட்டிய காற்று என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அறை நடுவில் 20 டிகிரியில் ஈரப்பதமானி 60 சதவீதம் காட்டுகிறது என்று வையுங்கள். பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் அதே காற்று 15 டிகிரியில் இருக்கும் சுவரைத் தொடும் இடத்தில் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. அறைக்காற்றை 50 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் சுவரோரத்தில் 68 சதவீதம் ஆகும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் வீட்டுக்குள் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழேயும், முடிந்தால் 30 முதல் 50 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. பேஸ்மென்ட்டுக்கு நான் 50-ஐத்தான் இலக்காகச் சொல்வேன். 60 என்பது மேல்மாடிக்குச் சரி, குளிர்ந்த சுவருக்குப் போதாது.

எந்த ஈரம் என்று கண்டுபிடிப்பது

காற்றிலிருந்து படியும் ஈரம் ஒன்று. மண்ணிலிருந்து கான்கிரீட் வழியாக மெல்ல ஊறி ஏறும் ஓதம் இன்னொன்று. மழைத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ விரிசல் வழியாக நேரடியாகக் கசிவது மூன்றாவது. வாடை மூன்றுக்கும் ஒன்றுதான், வைத்தியம் வேறு வேறு. காற்று ஈரத்துக்குச் சுவரைத் தோண்டிப் பயனில்லை, கசியும் சுவருக்கு ஈரம் எடுக்கும் இயந்திரம் வாங்கி ஓட்டியும் பயனில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவசரப்படாமல் சில நாள் செலவழிப்பது பெரும் பணத்தை மிச்சப்படுத்தும்.

முதலில் காலத்தைக் கவனியுங்கள். கோடையில் மட்டும், மழையே இல்லாத புழுக்கமான நாள்களில்கூட நசநசப்பு இருந்து, குளிர்காலத்தில் தானாகவே மறைந்துவிட்டால் அது பெரும்பாலும் காற்று ஈரம். குளிர்காலத்து வெளிக்காற்றில் நீராவி மிகக் குறைவு. அது உள்ளே வந்து சூடானால் வறண்டுபோகும். மழை பெய்த மறுநாளோ பனி உருகும் சமயத்திலோ ஈரம் கூடினால் வெளியிலிருந்து தண்ணீர் வருகிறது. மழை, வெயில், குளிர் எதற்கும் சம்பந்தமில்லாமல் ஒரே இடம் எப்போதும் ஈரமாக இருந்தால் குழாய்க் கசிவைச் சந்தேகிக்கலாம்.

அடுத்தது சுவரில் தெரியும் அடையாளம். வெள்ளையாக மாவு படிந்தது போல உப்புப் பூத்திருந்தால், தண்ணீர் சுவருக்குள்ளே ஊடுருவி வந்து, கரைந்த உப்பை மேலே விட்டுவிட்டு ஆவியாகியிருக்கிறது என்று பொருள். காற்றிலிருந்து படியும் ஈரம் இப்படி உப்பைக் கொண்டுவராது. அது உப்பா வெள்ளைப் பூசணமா என்று சந்தேகம் இருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உப்பு கரையும், பூசணம் கரையாது.

மூன்றாவது சோதனைக்கு ஒரு பிளாஸ்டிக் தாளும் டேப்பும் போதும். அரை மீட்டர் அகலமுள்ள சதுரமான, ஒளி ஊடுருவும் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தை முதலில் துணியால் துடைத்துக் காயவிட வேண்டும். தரையிலும் இன்னொன்று ஒட்டலாம். ஒன்று இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் வெளிமுகம், அதாவது அறையைப் பார்த்த பக்கம், நனைந்திருந்தால் ஈரம் காற்றிலிருந்து வந்தது. உட்பக்கம் நீர்த்துளிகள் இருந்தாலோ சுவர் கறுத்து ஈரமாக இருந்தாலோ அது சுவர் வழியாக வந்தது. இரண்டு பக்கமும் நனைந்திருந்தால் இரண்டும் இருக்கிறது. பழைய வீடுகளில் இது அபூர்வமல்ல. தரைக்கு அடியில் ஈரத்தடுப்புத் தாள் விரிக்காமல் கான்கிரீட் போட்ட வீடுகளில் ஓதம் கொஞ்சமாவது ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

வாடையின் தன்மையையும் முகர்ந்து பாருங்கள். மக்கல் வாடை வேறு, சாக்கடை நாற்றமோ அழுகிய முட்டை நாற்றமோ வேறு. பின்னது வந்தால் முதலில் தரையில் இருக்கும் வடிகால் துளையைப் பார்க்க வேண்டும். அதன் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, சாக்கடை வாயு மேலே ஏறாமல் தடுக்கும். மாதக்கணக்கில் யாரும் தண்ணீர் ஊற்றாவிட்டால் அது வற்றிவிடும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் நாற்றம் அடங்கிவிடும். வீட்டில் சமையல் எரிவாயு இணைப்பு இருந்தால் மட்டும் அழுகிய முட்டை நாற்றத்தை அலட்சியப்படுத்தாதீர்கள். எரிவாயுவில் சேர்க்கும் வாடையும் அப்படித்தான் இருக்கும். எந்த ஸ்விட்சையும் தொடாமல் வெளியேறி, வெளியிலிருந்து எரிவாயு நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

இவற்றோடு ஈரப்பதமானி இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று கீழே, ஒன்று வெளியே நிழலில். விலை குறைந்த கருவிகள் சில சதவீதம் தப்பாகக் காட்டுவது வழக்கம் என்பதால் வாங்கியதும் சரிபார்த்துவிடலாம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கூழ் போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, கருவியோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் பைக்குள் இறுக மூடி, அறை வெப்பநிலையில் ஓர் இரவு வையுங்கள். அந்தப் பைக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிற்கும். கருவி 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

வெளியிலிருந்து வரும் தண்ணீரை வெளியிலேயே திருப்பிவிடுவது

சோதனையில் தண்ணீர் சுவர் வழியாக வருகிறது என்று தெரிந்தால், உள்ளே எதையும் தொடுவதற்கு முன் ஒரு மழை நாளில் குடையோடு வீட்டைச் சுற்றி வாருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2,500 லிட்டர் தண்ணீர் இறங்குகிறது. கூரை ஓரத்துத் தண்ணீர் வாரி இலைகளால் அடைத்திருந்தாலோ, இறங்கு குழாய் சுவருக்குப் பக்கத்திலேயே கொட்டினாலோ, அவ்வளவும் நேரே அஸ்திவாரத்தின் காலடிக்குப் போகிறது. குழாயின் வாயை 2 மீட்டர் தள்ளிக் கொண்டுபோவது சின்ன வேலை. பெரிய பழுது என்று பயந்துகொண்டிருந்த பல பேஸ்மென்ட்களுக்கு அதுவே தீர்வாக இருந்துவிடுவதுண்டு.

அப்புறம் தரைச் சாய்வு. சுவரை ஒட்டிய மண் காலப்போக்கில் அமுங்கி, தண்ணீர் வீட்டை நோக்கி ஓடும்படி ஆகியிருக்கும். சுவரிலிருந்து முதல் 3 மீட்டருக்குள் 15 சென்டிமீட்டராவது தாழ்ந்து போகும்படி மண்ணைக் கொட்டிச் சரிசெய்ய வேண்டும். பூச்செடிகளைச் சுவரோடு ஒட்டி வைத்துத் தினமும் தண்ணீர் விடுவதும் அஸ்திவாரத்துக்குத் தண்ணீர் விடுவதுதான்.

இதையெல்லாம் செய்தும் மழைக்கு மழை தண்ணீர் வந்தால், நிலத்தடி நீர்மட்டமே உயர்ந்து சுவரை அழுத்துவதாக இருக்கலாம். அஸ்திவாரத்தைச் சுற்றி வடிகால் குழாய், தரைக்குள் குழி தோண்டி அதில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப், வெளிச்சுவரில் நீர்த்தடுப்புப் பூச்சு என்பவை அதற்கான வழிகள். இவை அனுபவமுள்ள ஒப்பந்தக்காரர் செய்ய வேண்டியவை. உட்சுவரில் பூசும் நீர்த்தடுப்புப் பெயின்ட்டை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். பின்னாலிருந்து தண்ணீர் அழுத்தும்போது அது கொப்பளித்து உரிந்துவிடும்.

ஜன்னலை எப்போது திறக்கலாம்

திறக்கவே கூடாது என்பதில்லை. வெளிக்காற்றின் பனிநிலை, பேஸ்மென்ட் காற்றின் பனிநிலையைவிடத் தெளிவாகக் குறைவாக இருந்தால் திறக்கலாம், அது உலர்த்தும். இதில் சதவீதம் பலரை ஏமாற்றிவிடுகிறது. வெளியே 12 டிகிரியில் ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் பயமாகத்தான் தோன்றும். ஆனால் அந்தக் காற்றில் கன மீட்டருக்கு 10 கிராமுக்கும் குறைவான நீராவிதான் இருக்கிறது. உள்ளே வந்து 18 டிகிரிக்குச் சூடானால் அது 62 சதவீதம் ஆகிவிடும். கீழே 80 சதவீதம் இருந்தால் இது நல்ல லாபம். வெளியே 28 டிகிரியில் 60 சதவீதமோ, நாம் முன்பே பார்த்தபடி, சுவரை வியர்க்க வைக்கும்.

அதனால் கோடையில் குளிர்ந்த இரவோ விடியற்காலையோ கிடைத்தால் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு, வெயில் ஏறுமுன் மூடிவிடலாம். வெளியே இரவும் புழுக்கமாகவே இருந்தால் திறக்காமல் விடுவதே மேல். காற்றை வெளியே தள்ளும் விசிறி பொருத்தினாலும் இதே கணக்குதான். வெளியே போன காற்றுக்குப் பதிலாக எங்கிருந்தோ ஈரக்காற்று உள்ளே வந்தே தீரும். அதோடு பேஸ்மென்ட்டில் எரிவாயுவில் ஓடும் வாட்டர் ஹீட்டரோ கொதிகலனோ இருந்தால், அந்த விசிறி புகைபோக்கியில் மேலே போக வேண்டிய புகையையே உள்ளே இழுத்துவிடக்கூடும். கார்பன் மோனாக்சைடு உயிரை எடுக்கும் வாயு. அப்படிப்பட்ட இடத்தில் தொழில் தெரிந்தவரைக் கேட்காமல் விசிறி பொருத்தக் கூடாது.

அறைக்குள்ளேயே காற்றைச் சுழற்றும் சாதாரண மின்விசிறி வேறு விஷயம். மூலைகளில் தேங்கிய காற்றைக் கலைத்து, சுவர்ப் பரப்பைக் கொஞ்சம் சூடாக்கி வைக்கும். தாராளமாகப் போடலாம். ஏசியின் குளிர்காற்றைக் கீழே திருப்பிவிடுவது பற்றியும் ஒரு வார்த்தை. அறை இன்னும் குளிர்ந்து, ஒப்பு ஈரப்பதம் ஏறிவிட வாய்ப்பிருக்கிறது. மேல்மாடிக்கு உதவுவதெல்லாம் கீழே உதவும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

டீஹியூமிடிஃபையர்

காற்று ஈரத்துக்கு நேரடியான மருந்து, காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கும் இந்த இயந்திரம்தான். பொதுவான வகை, குளிர்சாதனப் பெட்டியில் இருப்பது போன்ற கம்ப்ரஸரைக் கொண்டது. ஈரக்காற்றை இழுத்து, குளிர்ந்த சுருளில் தண்ணீரைப் படியவைத்து, காற்றை மறுபடி சூடாக்கி வெளியே விடும். அறை கொஞ்சம் சூடாகும். ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியிலிருந்து நீராக மாறும்போதே ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளிப்படுகிறது, இயந்திரம் ஓடும் வெப்பம் அதற்கு மேல். குளிர்ந்த பேஸ்மென்ட்டுக்கு இந்தச் சூடும் நல்லதுதான், சுவர் சூடானால் நீர் படிவது குறையும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் என்று பெட்டியில் எழுதியிருக்கும் எண், பெரும்பாலும் அறை நல்ல சூடாகவும் ஈரமாகவும் இருக்கும் நிலையில் அளந்தது. 18 டிகிரி பேஸ்மென்ட்டில் அவ்வளவு கிடைக்காது, பாதியாகக்கூடக் குறையலாம். எந்த வெப்பநிலையில் அளந்தார்கள் என்பதைப் படித்துவிட்டு, கொஞ்சம் பெரியதாகவே எடுங்கள். 15 டிகிரிக்குக் கீழே போகும் அறையில் கம்ப்ரஸர் வகையின் சுருளில் பனி உறைய ஆரம்பிக்கும். பனியைத் தானே உருக்கிக்கொள்ளும் வசதி உள்ளதாகப் பார்க்க வேண்டும். இன்னும் குளிரான இடத்துக்கு, ஈரத்தை உறிஞ்சும் பொருள் தடவிய சக்கரம் கொண்ட வகை பொருந்தும். அது மின்சாரம் அதிகம் எடுக்கும்.

தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் இயந்திரம் நின்றுவிடும். புழுக்கமான வாரத்தில் இது தினமும் நடக்கும், ஒரு நாள் மறந்தால் ஈரம் திரும்ப ஏறும். ஆகவே குழாய் மாட்டித் தரை வடிகாலுக்குத் தண்ணீரை நேராக விடுவதுதான் என் முதல் பரிந்துரை. வடிகால் உயரத்தில் இருந்தால் சின்ன பம்ப் உள்ள இயந்திரம் கிடைக்கிறது. சுவரோடு ஒட்டாமல் அறையின் நடுவாக்கில் வையுங்கள், ஜன்னல்களையும் மேலே போகும் கதவையும் மூடுங்கள், 50 சதவீதத்தில் அமையுங்கள், வடிகட்டியை மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

முதல் சில வாரங்கள் தண்ணீர் கொட்டும். கான்கிரீட், மரம், புத்தகங்கள் எல்லாம் ஊறி வைத்திருந்த ஈரம் வெளியே வருகிறது. பிறகு மெல்லக் குறைய வேண்டும். ஒரு மாதம் ஆகியும் அதே அளவு வந்துகொண்டிருந்தால், ஒன்று வெளிக்காற்று எங்கோ புகுந்துகொண்டிருக்கிறது, இல்லை தண்ணீர் எங்கோ கசிகிறது. மறுபடி பிளாஸ்டிக் தாளை ஒட்டிப் பார்க்க வேண்டியதுதான்.

சிலிகா ஜெல் பைகளும், ஈரம் உறிஞ்சும் உப்பு டப்பாக்களும் மூடிய அலமாரிக்கோ பெட்டிக்கோ சரி. ஓர் அறைக்கு அவை ஈடுகொடுக்காது. மணமூட்டும் ஸ்ப்ரேக்கள் வாடையை மறைப்பதோடு சரி, அதனால் காரணத்தைத் தேடுவதும் தள்ளிப்போகிறது. ஓசோன் வெளியிடும் இயந்திரங்களை வீட்டில் பயன்படுத்தவே வேண்டாம். ஓசோன் நுரையீரலைப் பாதிக்கும், பூஞ்சைக்கும் அது தீர்வாகாது.

சாமான்களும் சுத்தம் செய்வதும்

ஈரப்பதமானி 50-ஐ ஒட்டி நின்ற பிறகும் வாடை மிச்சம் இருக்கலாம். துணி, காகிதம், கம்பளம், மெத்தை எல்லாம் அந்த வேதிப்பொருள்களைத் தமக்குள் வாங்கி வைத்திருக்கும். அதனால் வரிசை முக்கியம். முதலில் உலர்த்துவது, பிறகு கழிப்பது, பிறகு துடைப்பது, கடைசியில் மிச்ச வாடையைப் பார்ப்பது.

கான்கிரீட் தரைமேல் நேரடியாக விரித்த கம்பளம்தான் பெரும்பாலும் முதல் குற்றவாளி. மேலே கால் படும் பக்கம் காய்ந்தே இருக்கும், அடியில் குளிர்ந்த தரையோடு ஒட்டிய பக்கம் ஈரத்தில் ஊறியிருக்கும். ஒரு மூலையைத் தூக்கி முகர்ந்தால் தெரிந்துவிடும். பூசணம் பிடித்த கம்பளம், மெத்தை, ஊறிய ஜிப்சம் பலகை போன்றவற்றைக் காப்பாற்ற முயல்வது வீண் வேலை, வெளியேற்றிவிடுங்கள். கண்ணாடி, உலோகம், பிளாஸ்டிக், பெயின்ட் அடித்த பரப்புகளைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டால் போதும். பிளீச் கட்டாயமில்லை. மரம், கான்கிரீட் போன்ற நுண்துளையுள்ள பொருள்களில் அது மேலே நிறத்தை வெளுக்கச் செய்துவிட்டு, உள்ளே போகாமல் நின்றுவிடும். பயன்படுத்தத்தான் வேண்டும் என்றால், அமோனியா உள்ள எந்தத் திரவத்தோடும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும். செத்த பூசணமும் ஒவ்வாமை தரும் என்பதால் கொன்றுவிட்டு அப்படியே விடுவதும் சரியல்ல, துடைத்து எடுக்க வேண்டும்.

ஒரு சதுர மீட்டருக்குள் இருக்கும் பூசணத்தை என்95 முகக்கவசம், கையுறை, கண்ணாடி அணிந்து நாமே சுத்தம் செய்யலாம். அதற்கு மேல் பரவியிருந்தாலோ, சாக்கடைத் தண்ணீர் புகுந்திருந்தாலோ தொழில்முறை ஆட்களை அழைப்பது நல்லது. ஆஸ்துமா உள்ளவர்களும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் சின்ன அளவாக இருந்தாலும் இந்த வேலையில் இறங்க வேண்டாம். கறுப்பாக இருந்தால் கொடியது, வெள்ளையாக இருந்தால் பரவாயில்லை என்று ஒரு பேச்சு உண்டு. நிறத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. எந்த நிறமானாலும் எடுக்க வேண்டியதுதான்.

அட்டைப் பெட்டிகளுக்குப் பதில் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டிகளுக்கு மாறுங்கள். அட்டை ஈரத்தையும் இழுக்கும், பூஞ்சைக்கு உணவாகவும் ஆகும். ஆனால் பெட்டிக்குள் வைக்கும் பொருள் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரத்தை உள்ளே பூட்டி வைத்ததாகிவிடும். அலமாரிகளை வெளிச்சுவரிலிருந்து 10 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள். தரையில் எதையும் நேரடியாக வைக்காமல் கால் உள்ள தட்டுகளில் உயர்த்துங்கள். குளிர்ந்த தண்ணீர்க் குழாய்களுக்கு நுரை உறை மாட்டினால் அவை வியர்ப்பது நிற்கும். துவைத்த துணியைக் கீழே கொடி கட்டிக் காயப்போடாதீர்கள். ஒரு முறை துவைத்த துணியிலேயே இரண்டு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் தங்கியிருக்கலாம், அவ்வளவும் அறைக் காற்றுக்குத்தான் போகும். துணி உலர்த்தும் இயந்திரம் இருந்தால் அதன் காற்றுக்குழாய் வெளியே போய்ச் சேருகிறதா, நடுவில் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள்.

வெள்ளமோ குழாய் உடைப்போ நடந்து நனைந்தவற்றை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது. அந்த நேரத்துக்குள் சாமான்களை மாடிக்கு ஏற்றிக் காயவைப்பதுதான் முதல் வேலை, வாடை பற்றியெல்லாம் பிறகு யோசிக்கலாம்.

பேஸ்மென்ட்டை அறையாக மாற்றிக் கட்டும் எண்ணம் இருந்தால் ஒரு முழுக் கோடைக்காலத்தை அளந்து பார்த்த பிறகு தொடங்குங்கள். கான்கிரீட் சுவருக்கு முன்னால் கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்து ஜிப்சம் பலகை போட்டு மூடினால், அறையின் ஈரக்காற்று பஞ்சைக் கடந்துபோய்க் குளிர்ந்த சுவரில் படியும், யார் கண்ணிலும் படாமல் பூசணம் வளரும். காற்று ஊடுருவாத நுரைப் பலகையைச் சுவரோடு இடைவெளியின்றி ஒட்டி, இணைப்புகளை அடைத்த பிறகு மேற்கொண்டு கட்டுவது பாதுகாப்பானது. கசிவு இருக்கும் சுவரை மட்டும் அதற்குமுன் சரிசெய்தே ஆக வேண்டும்.

அடுத்த ஆண்டு இயந்திரத்தை எப்போது போடுவது என்று ஒரு தேதி வைத்துக்கொள்ள வேண்டாம். வாடை வந்த பிறகு போட்டால் பொருள்கள் ஏற்கெனவே ஊறியிருக்கும், பூஞ்சையும் வேலையைத் தொடங்கியிருக்கும். வசந்தத்தின் கடைசியில், கீழே உள்ள ஈரப்பதமானி 55-ஐத் தொடும் முதல் நாளில் ஜன்னல்களை மூடி இயந்திரத்தை ஓடவிடுங்கள். இலையுதிர் காலத்தில் வெளிக்காற்றின் பனிநிலை 10 டிகிரிக்குக் கீழே இறங்கி நிலைத்ததும் அணைத்துவிட்டு, தொட்டியைக் கழுவிக் காயவைத்து எடுத்து வைக்கலாம்.